மலிவுச் சோற்றின் வரலாறு: சிங்கப்பூர்ச் சீன உணவங்காடிகள்

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் கோட்டையைப் பற்றியும் துறைமுகத்தைப் பற்றியும் ஆளுநர்களைப் பற்றியும் விரிவாக எழுதுவர். அத்துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன் நண்பகலில் எங்கே அமர்ந்து உண்டான், அதற்கு என்ன விலை கொடுத்தான் என்பதை எழுதுவோர் சிலரே. சிங்கப்பூரைப் பொறுத்தவரையில் இவ்விரண்டாவது கேள்வியைப் பின்பற்றிச் சென்றால் அந்நகரத்தின் வரலாறே நம் கைக்கு வந்துவிடுகிறது. ஆதலின் அரண்மனை வாயிலை விட்டு, அடுப்படி வழியாக அந்நகருக்குள் நுழைவோம்.

இன்று அங்கே செல்லும் ஒருவர் சீனர் பகுதியில் உள்ள 'சைனாடவுன் காம்ப்ளெக்ஸ்' என்னும் கட்டடத்தின் மேல்தளத்திற்கு ஏறிச் சென்றால் இருநூற்றுக்கும் மேற்பட்ட சிறு கடைகளைக் காண்பார். ஒவ்வொரு கடையும் நம் வீட்டுச் சமையலறை அளவே இருக்கும். அவற்றுள் 'சாய் பிங்' என்று சீனர் அழைக்கும் சோற்றுக்கடையும் உண்டு. சாய் பிங் என்றால் காய்கறியும் சோறும் என்பது பொருள். 'எகானமி ரைஸ்' என்றும் பலகையில் எழுதியிருப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னே பத்துப் பதினைந்து தட்டங்களில் கீரை, சோயாக் கட்டி, கத்தரிக்காய், முட்டை, மீன், இறைச்சி என்று வரிசையாக வைத்திருப்பர். மொழி தெரியவேண்டுவதில்லை; விரலால் சுட்டினால் போதும். சோற்றின்மேல் ஒரு கறி, இரண்டு காய் வைத்துத் தந்து, கண்ணாலேயே கணக்கிட்டு விலை சொல்லிவிடுவார் கடைக்காரர். மூன்றரை வெள்ளி, நான்கு வெள்ளி, கொஞ்சம் தாராளமாகச் சுட்டியவருக்கு ஐந்து வெள்ளி. அங்கே வாழும் தமிழர் டாலரை வெள்ளி என்றே வழங்குவர். ஒரு வெள்ளியை நம் பணத்தில் ஏறக்குறைய 70 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். அதே தெருவில் குளிரூட்டிய உணவகத்தில் உட்கார்ந்தால் இதைப்போல் ஐந்து மடங்கு கொடுத்து, அதன்மேல் சேவைக் கட்டணமும் வரியும் தனியே கொடுத்துவிட்டு எழவேண்டும்.

இதில் வியப்பு என்னவெனில், சிங்கப்பூர் உலகிலேயே வாழ்க்கைச் செலவு மிகுந்த நகரங்களுள் ஒன்று. தன் உணவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் ஊர் அது. நெல் விளையும் வயல் அங்கே இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு தட்டுச் சோறு எவ்வாறு இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது? மலிவு என்பது தானாக வந்து வாய்ப்பதன்று. யாரோ ஒருவர் தம் பங்கை விட்டுக்கொடுத்தால்தான் இன்னொருவருக்கு மலிவு கிடைக்கும். சிங்கப்பூரில் யார் எதை விட்டுக்கொடுத்தார் என்பதே ஈண்டு நாம் காணவேண்டிய செய்தி.

1819-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அங்கே வணிகத் துறையை நிறுவிய பின்னர், தென் சீனத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் பிழைப்புத் தேடி வந்தனர். பூக்கியன் நாட்டு ஹொக்கியர், தியோச்சியூ மக்கள், காண்டன் பகுதியினர், கடைசியாக ஹைனான் தீவினர் என்று பல கிளையினர். வந்தவர் பெரும்பாலும் ஆண்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியே வந்தவர்கள். கீழே கடையும் மேலே குடியிருப்புமாக அமைந்த நீண்ட வீடுகளில், மரப்பலகைத் தடுப்புகளால் பிரிக்கப்பட்ட சிறு சிறு அறைகளில் நெருங்கிக் கிடந்தனர். 1950-களில் அப்பர் நான்கின் தெரு என்னும் ஒரே தெருவை ஆராய்ந்து நூல் எழுதிய பாரிங்டன் கே என்பவர், ஒரு குடும்பமே ஓர் இருட்டறைக்குள் வாழ்ந்த நிலையை விரிவாகப் பதிவு செய்துள்ளார். அத்தகைய அறையில் அடுப்பு வைப்பது எங்ஙனம்? பன்னிரண்டு மணிநேரம் மூட்டை சுமந்து வந்தவன் அரிசி களைந்து உலை வைக்கப் பொழுது எங்கே? ஆகவே அவன் தெருவில் உண்டான். மாதுங்காவிலும் கரோல்பாக்கிலும் தனியாக வந்து இறங்கிய நம் முன்னோடிகளுக்கு 'மெஸ்' எப்படியோ, அவனுக்குத் தெருவோரக் கடை அப்படி.

காவடிபோலத் தோளில் தண்டு சுமந்து, ஒரு முனையில் அடுப்பும் மறுமுனையில் கிண்ணங்களுமாக உணவு விற்போர் வீதிதோறும் திரிந்தனர். வீட்டு முகப்பில் 'ஐந்தடி' எனப்பட்ட மூடிய நடைபாதையில் சிலர் நிலையாக அமர்ந்தனர். நூடுல்ஸ் விற்பவனுக்கு முன்னே ஒரு சிறுவன் மூங்கில் துண்டுகளைத் தட்டிக்கொண்டே செல்வான். 'டொக் டொக்' என்ற அவ்வோசை கேட்டதும் மாடியிலிருந்து குரல் கொடுப்பார்கள். சிறுவன் ஓடிச்சென்று சொல்லி, சற்றுநேரத்தில் ஆவி பறக்கும் கிண்ணத்தோடு மாடியேறுவான். அவ்வுணவுக்கு 'டொக் டொக் மீ' என்றே பெயர் வந்துவிட்டது.

அவ்வுணவுகளின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால், ஏழை வயிற்றின் கணக்கு அவற்றுள் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். தியோச்சியூ மக்களின் கஞ்சி நீர் மிகுந்தது. ஒரு பிடி அரிசி ஒரு பெரிய கிண்ணத்தை நிரப்பும். உப்பிட்ட முட்டையோ உப்பிட்ட காயோ சிறிதளவு இருந்தால் அவ்வளவும் உள்ளே போய்விடும். நம் பழையதும் நார்த்தங்காயும் செய்கின்ற வேலை அதுவே. தட்டை அரிசி நூடுல்ஸைப் பன்றிக் கொழுப்பில் வறுத்துக் கறுப்புச் சாறு ஊற்றிய 'சார் குவே தியாவ்' உடலுழைப்பாளிக்கு வேண்டிய கொழுப்பைக் குறைந்த விலையில் தந்தது. அதில் சேரும் சிப்பி அக்காலத்தில் மிக மலிவு. எலும்பையும் மருந்துச் சரக்கையும் கொதிக்க வைத்த 'பா குத் தே' துறைமுகத் தொழிலாளரோடு சேர்த்துப் பேசப்படும் உணவு.

எல்லாவற்றினும் சிக்கனத்திற் சிறந்தது ஹைனான் கோழிச்சோறு என்றே கூறவேண்டும். ஹைனானியர் மற்றவர்களுக்குப் பின்னர் வந்தவர்கள். வணிகமும் துறைமுக வேலையும் முன்வந்தவர் கையில் போய்விட்டமையால், ஆங்கிலேயர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையற்காரராயினர். அவர்தம் கோழிச்சோற்றில் கோழியைக் கொதிநீரில் மெல்ல வேகவைப்பர். அந்த நீர் வீணாவதில்லை. அதிலேயே சோறு வெந்து மணம் பெறும். கோழியின் கொழுப்பே சோற்றைத் தாளிக்கும் எண்ணெய். மிஞ்சிய நீர் சூப்பாகி ஓரத்தில் வந்து நிற்கும். ஒரு கோழி பல தட்டுகளுக்குப் போதுமானதாகிவிடுகிறது. சோறே கோழியாகச் சுவைப்பதால் துண்டுகள் குறைவு என்பது உண்பவனுக்குத் தெரிவதில்லை! வோங் யீ குவான் என்ற தெரு வணிகர் இதனைக் கூடையில் சுமந்து விற்றார் என்றும், அவரிடம் தொழில் பயின்ற மோ லீ துவீ என்பவர் மிடில் சாலைப் பகுதியில் 'ஸ்வீ கீ' என்னும் கடையை நடத்தி அதற்குப் புகழ் தேடித் தந்தார் என்றும் கூறுவர். அக்கடை 1997-ஆம் ஆண்டு வரை நடந்தது.

சீனர் உணவைச் சொல்லும்போது நம்மவரை அறவே விட்டுவிடல் ஆகாது. அதே தெருக்களில் தமிழ் முஸ்லிம்கள் சீனரின் மஞ்சள் நூடுல்ஸை வாங்கி, மிளகாய்ச் சாந்தும் தக்காளியும் சேர்த்து வதக்கி 'மீ கோரெங்' ஆக்கினர். இந்திய மீ கோரெங் என்று அங்கே பெயர். இந்தியாவில் தேடினால் கிடையாது. 1949-ஆம் ஆண்டு வாக்கில் கேரளத்தைச் சேர்ந்த கோமஸ் என்பவர், சீனர் விரும்பி உண்ணும் மீன் தலையை நம் புளிக்குழம்பில் இட்டுச் சோபியா சாலையில் விற்றார். விரைவில் சீனர் கடைகளும் மீன்தலைக் கறியைச் சமைக்கலாயின. இன்று அஃது எந்த இனத்தின் உணவு என்று கேட்டால் விடை சொல்வது எளிதன்று. நம் நகரங்களில் தள்ளுவண்டிகளில் 'சைனீஸ்' என்று எழுதி விற்கும் உணவு பெரும்பாலும் இந்திய மண்ணில் பிறந்தது அல்லவா, அதுபோலத்தான் இதுவும்.

தெரு உணவு என்றவுடன் அதனை ஒரு பொற்காலமாகப் பாடுவது சிலர்க்கு வழக்கம். அவர்கள் அக்காலத்துச் சாக்கடையைப் பார்த்தவர்கள் அல்லர். குழாய் நீர் அருகில் இல்லாமையால் ஒரே வாளித் தண்ணீரில் நாள் முழுதும் கிண்ணங்களைக் கழுவினர். எச்சமும் எண்ணெயும் வடிகாலில் வீழ்ந்து ஆற்றில் கலந்தன. எலியும் ஈயும் பெருகின. டைபாய்டும் காலராவும் பரவும்போதெல்லாம் பழி உணவுக்காரர் தலைமேல் விழுந்தது. உரிமமின்றி விற்போரை அதிகாரிகள் துரத்துவர்; அவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவர்; மறுநாள் அதே இடத்தில் நிற்பர். ரௌடிக் கூட்டங்கள் வேறு 'பாதுகாப்பு' என்ற பெயரில் பணம் பறித்தன. போருக்குப் பின் வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்தபோது, வேறு வழியற்றவர்க்கெல்லாம் தெரு வணிகமே புகலிடமாயிற்று. இச்சிக்கலை ஆராய அமைக்கப்பட்ட விசாரணைக் குழு 1950-ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. ஆயினும் பெரிய மாறுதல் நிகழ மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

1965-இல் தனி நாடான பின்னர்ச் சிங்கப்பூர் அரசு செய்த செயல் கருதத்தக்கது. துரத்துவதற்கு முன் எண்ணிப் பார்த்தார்கள். 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் தீவு முழுவதும் உணவு விற்போரைப் பதிவு செய்தனர். தெருவில் விற்போர் மட்டும் சுமார் 18,000 பேர் இருந்தனர். அவர்களுக்குத் தற்காலிக உரிமம் கொடுத்து, பின்தெருக்களுக்கும் வண்டி நிறுத்துமிடங்களுக்கும் மாற்றினர். 1971 முதல் 1986 வரை உணவங்காடி நிலையங்களைக் கட்டி, படிப்படியாக அனைவரையும் அவற்றுள் குடியேற்றினர். 1974-க்கும் 1979-க்கும் இடையில் மட்டும் 54 நிலையங்கள் எழுந்தன. புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நடுவே சந்தையும் உணவங்காடியும் சேர்த்தே அமைத்தனர். 1977-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்த சிங்கப்பூர் ஆற்றுத் தூய்மைத் திட்டத்தின்போது சுமார் 5,000 தெரு வணிகர் இவ்வாறு இடம் மாறினர். டிரெங்கானு தெரு முதலிய சீனர் வீதிகளில் விற்றவர்கள் நாம் முதலில் கண்ட அந்தக் கட்டடத்திற்கு 1983-இல் சென்றவர்களே.

எல்லாரும் மகிழ்ந்து சென்றனர் என்று எண்ணவேண்டா. வழிப்போக்கரை நம்பிப் பிழைத்தவர்கள், மாடியேறி யார் வருவார் என்று அஞ்சினர். பகலில் வண்டி நிறுத்துமிடமாகவும் இரவில் உணவுத் திருவிழாவாகவும் இருந்த ஆர்ச்சர்டு சாலைத் திடல் 1978-இல் மூடப்பட்டபோது வருந்தாதவர் இல்லை. ஆயினும் குழாய் நீரும் மின்விளக்கும் கழிவுநீர்க் குழாயும் தலைக்குமேல் கூரையும் பெற்றதோடு, துரத்தப்படாத ஓர் இடமும் அவர்களுக்குக் கிடைத்தது. நம் நாட்டிலும் 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வணிகர் சட்டம், முதலில் கணக்கெடுப்பு நடத்தவேண்டும், அது முடியும்வரை எவரையும் அகற்றலாகாது என்றுதான் கூறுகிறது. சட்டம் கூறுவதற்கும் நம் கடைத்தெருக்களில் காண்பதற்கும் உள்ள தொலைவை வாசகர் அறிவர்.

இனி மலிவின் மறைபொருளுக்கு வருவோம். தெருவிலிருந்து அழைத்துவரப்பட்ட முதல் தலைமுறையினருக்கு அரசு சலுகை வாடகை விதித்தது. இடத்திற்கேற்ப மாதம் 160 வெள்ளி முதல் 320 வெள்ளி வரை என்பது அச்சலுகை. பின்னர் ஏலமுறையில் கடை எடுத்தவர்கள் சராசரியாக 1,200 வெள்ளிக்குச் சற்று மேலாகக் கொடுக்கின்றனர். ஒரு கடைக்காரர் மாதம் 25 நாள், நாளொன்றுக்கு நூறு தட்டு விற்கிறார் என்று கொள்வோம். 2,500 தட்டுகள். வாடகை 200 வெள்ளியாயின் ஒரு தட்டில் வாடகையின் பங்கு 8 காசு. 1,250 வெள்ளியாயின் 50 காசு. பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் ஒரே உணவுக்கு விலை போட்டியிடும்போது இந்த 42 காசு சிறிதன்று. முதியவர் மூன்று வெள்ளிக்கு விற்பதை எதிர்க்கடை இளைஞரால் விற்க இயலாமைக்கு ஒரு காரணம் இங்கே கிடைக்கிறது. அரிசி, இறைச்சி, எண்ணெய் முதலிய பொருள்களின் விலையே செலவில் பெரும்பங்கு என்பது உண்மை. ஆனால் அப்பொருள் விலை இருவர்க்கும் ஒன்றே.

சலுகையில் அடங்காத மற்றொரு பங்கும் உண்டு. அது கடைக்காரர் தம் கணக்கில் எழுதாத கூலி. விடியலுக்கு முன் எழுந்து சந்தைக்குச் செல்வதும், எலும்பைக் கொதிக்கவைப்பதும், நெருப்பின் முன் எட்டுப் பத்து மணிநேரம் நிற்பதும், இரவில் பாத்திரம் துலக்குவதும் கணவனும் மனைவியும் ஆகிய இருவர் செய்யும் வேலை. வேலைக்கு வெளி ஆள் வைத்தால் அந்த நான்கு வெள்ளி நிற்காது. அரசு நிலத்தை விட்டுக்கொடுத்தது. கடைக்காரர் தம் உடம்பை விட்டுக்கொடுத்தார். உண்பவர் இரண்டையும் சேர்த்து உண்டார்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட்டுவிடுதல் நலம். 'ஃபுட் கோர்ட்' என்று நம் பேரங்காடிகளில் காண்பதும் உணவங்காடி நிலையமும் ஒன்றல்ல. சிங்கப்பூரில் குளிரூட்டிய முதல் உணவுக்கூடம் 1985-இல் ஸ்காட்ஸ் கடைத்தொகுதியில் திறக்கப்பட்டது. அதே சீனக் கடைகள், அதே தட்டு; ஆனால் நிலத்துக்குடையவர் தனியார். குளிர்காற்றுக்கும் பளிங்குத் தரைக்கும் சேர்த்து ஒன்றிரண்டு வெள்ளி கூடும். தரையின் விலை தட்டில் ஏறுவதைக் கண்ணால் காண விரும்புவோர் இரண்டிலும் ஒருநாள் உண்டு பார்க்கலாம்.

நம் வாசகருள் மரக்கறி உண்போர் பலர் ஆதலின், அவர்க்கு அங்கே என்ன உண்டு என்ற கேள்வி எழும். பௌத்த மரபினரான சீனர் பலர் சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் ஊன் உண்ணார். அவர்பொருட்டுப் பல நிலையங்களில் சைவக் கடை ஒன்று இருக்கும். 'பீ ஹூன்' என்னும் மெல்லிய அரிசி நூடுல்ஸ், முட்டைக்கோசு, சோயாவில் செய்த போலி இறைச்சி ஆகியவற்றை வைத்துக் காலை உணவாகத் தருவர். நிலையத்திலேயே மலிந்த தட்டுகளுள் அதுவும் ஒன்று. அப்பண்டங்கள் வாத்துப்போலவும் மீன்போலவும் வடிவெடுத்து நிற்பதைக் கண்டு நம் மாமியர் முகம் சுளித்தால் அதற்குக் கடைக்காரர் பொறுப்பாளி அல்லர்.

2016-ஆம் ஆண்டில் உலகமே அங்குத் திரும்பிப் பார்த்தது. பிரான்சு நாட்டு மிஷலின் கையேடு, சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் சோயாச் சாற்றுக் கோழி விற்ற சான் ஹோன் மெங் என்பவரின் கடைக்கு ஒரு நட்சத்திரம் அளித்தது. ஏறக்குறைய இரண்டு வெள்ளிக்குக் கிடைத்த அவ்வுணவு உலகில் நட்சத்திரம் பெற்றவற்றுள் மிக மலிந்ததென்று செய்தித்தாள்கள் எழுதின. மணிக்கணக்கில் வரிசை நின்றது. பின்னர் அவர் பெயரில் பல கடைகள் தோன்றின. 2021-இல் நட்சத்திரமும் போயிற்று. புகழ் வந்தால் கடை பெருகும், கடை பெருகினால் அடுப்பருகே நிற்கும் கை மாறும்.

2020 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெருமைப்படவேண்டிய செய்திதான். ஆனால் பட்டியலில் சேர்ந்த அந்நாளில் கடைக்காரர்களின் நடுவயது ஏறக்குறைய 60. படித்து அலுவலகம் சென்ற பிள்ளைகள் அடுப்புக்குத் திரும்பி வருவது அரிது. திரும்பவேண்டா என்றே பெற்றோர் பலர் அவர்களைப் படிக்கவைத்தனர். அரசு புதியவர்க்குப் பயிற்சித் திட்டம் வகுத்தது. 2011-க்குப் பின் மீண்டும் புதிய நிலையங்களைக் கட்டத் தொடங்கியது. ஏலத்தில் குறைந்தபட்ச வாடகை என்ற விதியையும் 2012-இல் நீக்கியது. அதனால் ஒரு வெள்ளிக்கும் கடை எடுத்தவர் உண்டு. மறுபுறம், 2024-இல் மரீன் பரேட் நிலையத்தில் ஒரு கடை மாதம் 10,158 வெள்ளிக்கு ஏலம் போயிற்று. முன்னே நாம் இட்ட கணக்கில் அதனை இட்டுப் பார்த்தால், வாடகை மட்டுமே தட்டுக்கு நான்கு வெள்ளியைக் கடக்கும். வெளியிலிருந்து வரும் அதிர்ச்சியும் உண்டு: 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, கோழிச்சோற்றுக் கடைகள் சில நாட்கணக்கில் மூடிக்கிடந்தன.

சலுகை வாடகை முதல் தலைமுறையினர்க்கு உரியது. அவர்கள் முதுமையால் கடையை ஒப்படைக்கும்போது அக்கடை ஏலத்திற்கு வந்துவிடுகிறது. ஆண்டுதோறும் அத்தகைய கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. விலைப்பலகையில் ஐம்பது காசு கூட்டி எழுதினால், உணவகத்தில் முப்பது வெள்ளி கொடுக்கத் தயங்காத அதே வாடிக்கையாளர் இங்கே நின்று காரணம் கேட்கிறார். அவருக்கு விடை சொல்ல நேரமின்றி, அடுத்தவர் சுட்டும் தட்டத்தை நோக்கிக் கரண்டியை நீட்டுகிறார் அந்த எழுபது வயதுக் கடைக்காரர்.